உறைந்த வாவியில் முதல் தூண்டில்: எதை முதலில் வாங்குவது?

சென்ற டிசம்பர் மாதம் என் தம்பியின் மகள் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். அவளும் நமது கல்லூரியின் பழைய மாணவிதான். இப்போது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். பெப்ரவரி மாதம் வகுப்புத் தோழிகள் நான்கு பேர் சேர்ந்து, உறைந்துபோன சிம்கோ வாவியில் துளை போட்டு மீன்பிடிக்கப் போகிறார்களாம். பிடிக்க நினைப்பது அங்கே 'லேக் ட்ரவுட்' என்று சொல்லப்படும் வாவி ட்ரவுட் மீனை. தூண்டில் தடி இரண்டு, பொய் இரை மூன்று பெட்டி, மீன் தேடும் கருவி ஒன்று, மடக்குக் கதிரை ஒன்று என்று கடை விலையோடு எழுதிவிட்டு, "மாமி, இதில என்ன குறையுது?" என்று கேட்டிருந்தாள்.

கூட்டிப் பார்த்தேன். அவளுடைய மூன்று மாதச் சாப்பாட்டுக் காசு அந்தப் பட்டியலில் இருந்தது. மீனைப் பிடிக்க எல்லாம் இருந்தது. பனிக்கட்டி உடைந்தால் வெளியே ஏறி வருவதற்கு ஒரு ரூபாய்ப் பொருள்கூட அதில் இல்லை. குளிரைத் தாங்குவதற்கும் எதுவும் இல்லை.

அடுத்த நாள் ஊரிலிருந்து தம்பி போன் எடுத்தான். "தாத்தா, இவள் தண்ணிக்கு மேலே நடக்கப் போறாளாமே, இதைத் தடுக்க மாட்டீங்களா?" என்றான். அவன் பயமும் நியாயமானது, அவள் ஆசையும் நியாயமானது. நான் அந்த நாட்டில் பல குளிர்காலங்களைக் கண்டுவிட்டேன். பக்கத்து வீட்டு முதிய தம்பதியர் என்னையும் என் கணவரையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இந்தப் பழக்கத்தைக் காட்டித் தந்தார்கள். அதனால் தடுக்கவில்லை, பட்டியலைத்தான் தலைகீழாக மாற்றினேன். மகளுக்கு எழுதிய அந்தப் பதிலைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். நமது பிள்ளைகள் பலர் குளிர் நாடுகளுக்குப் படிக்கப் போகும் காலம் இது. வாவியின் நடுவிலே பிள்ளை நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடக்கும் உம்மா வாப்பாமாருக்கும் இது உதவலாம்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். சிம்கோ வாவி ரொறன்ரோ நகருக்கு வடக்கே, காரில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணத் தூரத்தில் இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 722 சதுர கிலோமீற்றர். ஆகக் கூடிய ஆழம் 41 மீற்றர். அந்த ஆழம் பரி நகரத்துக்கு முன்னால் உள்ள கெம்பன்பெல்ட் குடாவில் இருக்கிறது. ஆழமான தண்ணீர் தன் சூட்டை இழக்க நாளெடுக்கும். அதனால் மற்றப் பக்கமெல்லாம் உறைந்த பிறகுதான் இந்தக் குடா உறையும். ட்ரவுட்டைத் தேடுகிறவர்கள் போக விரும்புவதும் ஆழமான இந்தப் பக்கத்துக்குத்தான். அதாவது மீன் நல்லாக இருக்கும் இடத்தில் பனிக்கட்டி பிந்தித்தான் தடிக்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், நான் ஏன் தூண்டிலைக் கடைசிக்குத் தள்ளுகிறேன் என்பது விளங்கும்.

இனி மீன். நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை பழுப்பு ட்ரவுட்டும் வானவில் ட்ரவுட்டும். வாவி ட்ரவுட் பெயரில் ட்ரவுட் என்றாலும் உண்மையில் 'சார்' என்னும் இனத்தைச் சேர்ந்தது. கருத்த உடம்பிலே வெளிறிய புள்ளிகள், ஆழமாகப் பிளந்த வால், கீழ்ச்செட்டைகளின் முன்விளிம்பிலே வெள்ளைக் கோடு ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காணலாம். குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். கோடையில் மேல்தண்ணீர் சூடாகும்போது அடியாழத்துக்கு இறங்கிவிடும்.

குளிர்காலத்தில் நிலைமை வேறு. தண்ணீரின் அடர்த்தி 4 பாகை செல்சியஸில்தான் ஆகக் கூடுதலாக இருக்கும் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதனால் அந்த 4 பாகைத் தண்ணீர் அடியிலே தங்க, அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து, பூச்சியத்தில் உறைந்து மூடியாகிவிடும். வாவி அடியிலிருந்து உறையாமல் மேலிருந்து உறைவதும், மீன்கள் உயிரோடு இருப்பதும் இதனால்தான். மேலிருந்து கீழ்வரை எல்லாத் தண்ணீரும் குளிராக இருப்பதால் வாவி ட்ரவுட்டுக்குத் தடையே இல்லை. காலையில் 30 மீற்றர் ஆழத்தில் இருக்கும், பிறகு பனிக்கட்டிக்குச் சற்றுக் கீழேயே வந்து போகும். தூண்டில் தெரிவு செய்யும்போது இந்த விஷயம் தேவைப்படும், அங்கே திரும்ப வருகிறேன்.

மகளுக்கு நான் எழுதிய புதிய பட்டியலின் முதல் பொருள் பனி ஆணிகள். கைப்பிடியுள்ள இரண்டு கூரிய ஆணிகள், ஒரு கயிற்றால் இணைத்து மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொள்வது. ஒரு சோடி தூண்டில் தடியின் விலையில் சிறு பங்குதான். பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் விழுந்தால் வெளியே ஏறுவது கைப்பலத்தால் நடக்கிற காரியமல்ல. ஈரமான பனிக்கட்டி சவர்க்காரம் போல வழுக்கும், பிடிக்க எதுவுமே இருக்காது. இரண்டு கையிலும் இந்த ஆணிகளைப் பிடித்துக் குத்தி, காலை நீந்துவதுபோல அடித்து, வயிற்றால் ஊர்ந்து ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்கவே கூடாது. உருண்டு உருண்டு வந்த திசைக்கே போக வேண்டும், ஏனென்றால் வந்த வழியின் பனிக்கட்டி நம்மைத் தாங்கியது என்பது ஏற்கெனவே தெரியும். ஆணிகள் கழுத்திலே, மேல் உடுப்புக்கு வெளியே கிடக்க வேண்டும். பைக்குள் வைத்திருந்தால் வீட்டில் வைத்திருப்பதற்குச் சமன்.

மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்ந்த தண்ணீரில் மனித உடலுக்கு என்ன நடக்கிறது என்பதைத் தானே உறைதண்ணீருக்குள் இறங்கி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு ஒன்று-பத்து-ஒன்று என்பது. விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு வாங்கும், அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது மூச்சை அடக்கி நிதானத்துக்கு வருவது மட்டுமே. அடுத்த பத்து நிமிடம் கைகால்கள் சொல்வழி கேட்கும், அதற்குள் ஏற வேண்டும். உடம்பு முழுதும் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் எடுக்கும். விழுந்த உடனேயே உறைந்து செத்துவிடுவோம் என்று நினைத்துப் பதறுகிறவர்தான் முதல் நிமிடத்திலே தண்ணீரைக் குடித்து மூழ்குகிறார். இதை நான் தம்பிக்கும் விளங்கப்படுத்தினேன். அவன் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அந்த ஆணியை ரெண்டு சோடி வாங்கச் சொல்லுங்க" என்றான்.

அடுத்தது அலவாங்கு. நம் ஊரில் குழி தோண்டும் அலவாங்கைப் போலவே, நுனி உளிபோலத் தட்டையான ஒரு இரும்புத்தடி விற்கிறார்கள். முன்னால் போகிறவர் சில அடிக்கு ஒருமுறை அதை ஓங்கிக் குத்திப் பார்க்க வேண்டும். தண்ணீர் எட்டிப் பார்த்தால் அங்கேயே நின்று, வந்த வழியே திரும்ப வேண்டும். எவ்வளவு தடிப்பு இருந்தால் நடக்கலாம் என்பதற்குப் பலரும் சொல்லும் கணக்கு, தெளிந்த நீலநிறப் பனிக்கட்டி 4 அங்குலம், அதாவது 10 சென்ரிமீற்றர். கனேடியச் செஞ்சிலுவைச் சங்கம் ஒருவர் தனியே நடப்பதற்கு 15 சென்ரிமீற்றர், கூட்டமாக நிற்பதற்கு 20, பனி மோட்டார் வண்டிக்கு 25 என்று சொல்கிறது. புதிதாகப் போகிறவர்கள் இரண்டில் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளட்டும். இந்தக் கணக்கெல்லாம் தெளிந்த பனிக்கட்டிக்கு மட்டும். வெண்பனி நனைந்து உறைந்த வெள்ளைப் பனிக்கட்டிக்குப் பாதிப் பலம்தான், ஆகவே தடிப்பு இரண்டு மடங்கு வேண்டும். சாம்பல் நிறமாக இருந்தால் அதற்குள் தண்ணீர் ஊறியிருக்கிறது என்று பொருள், அதில் கால் வைக்கவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். மேலே வெண்பனி கனமாக மூடிக் கிடந்தால் பனிக்கட்டி பலமாக இருக்கும் என்று நமக்குத் தோன்றும். உண்மை நேர்மாறு. வெண்பனி கம்பளி போர்த்தியதுபோல. குளிரை உள்ளே விடாது. அதற்குக் கீழே பனிக்கட்டி மெதுவாகத்தான் தடிக்கும். ஆறு வந்து விழும் இடங்கள், படகுத்துறைத் தூண்களின் சுற்றுப்புறம், நீண்ட வெடிப்புகளின் ஓரம் ஆகியவையும் அப்படித்தான். சிம்கோ போன்ற பெரிய வாவியில் காற்றுத் திசை மாறினால் காலையில் தாண்டிப்போன வெடிப்பு மாலையில் அகன்று கிடக்கலாம். முதல் தடவை போகிறவர்களை அதிகம் பயமுறுத்துவது சத்தம்தான். பீரங்கி வெடித்ததுபோலப் பனிக்கட்டி முழங்கும். குளிர் கூடிக் குறையும்போது அது விரிந்து சுருங்கும் சத்தம் அது, அதற்காக ஓட வேண்டாம். நான் முதல்முறை ஓடியிருக்கிறேன், கூட வந்த பாட்டி சிரித்துவிட்டார்.

இவற்றோடு எறிவதற்கு ஏற்ற மிதக்கும் கயிறு ஒன்று, கழுத்தில் ஒரு விசில், சப்பாத்துக்கு அடியில் பூட்டும் ஆணிப்பட்டி. முடியுமானால் மிதக்கும் மேலுடுப்பு. அது விலை கூடியதுதான். அதை வாங்க முடியாதவர்கள் உயிர்காப்பு அங்கியைக் குளிர்க்கோட்டுக்கு மேலே போட்டுக்கொள்ளலாம். மூடிய வாகனத்துக்குள் இருக்கும்போது மட்டும் அதைக் கழற்றி மடியில் வைத்திருக்க வேண்டும். வாகனம் மூழ்கினால் மிதக்கும் உடுப்பு ஆளைக் கூரையோடு ஒட்டிவிடும், கதவுப்பக்கம் குனிய முடியாது.

இப்போது ஒரு காசு மிச்சம் பிடிக்கும் யோசனை. முதல் பயணத்துக்குத் துளைக்கும் கருவி, கூடாரம், அடுப்பு எதையும் வாங்க வேண்டாம். சிம்கோ வாவியோரம் பலர் குளிர்காலத்தில் மரக்குடில்களைப் பனிக்கட்டி மேலே வைத்து நாள்வாடகைக்கு விடுகிறார்கள். காலையில் அவர்களே வாகனத்தில் கொண்டுபோய் இறக்குவார்கள். துளை போட்டிருக்கும், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், மாலையில் வந்து ஏற்றிப்போவார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், எந்தப் பக்கத்துப் பனிக்கட்டி எத்தனை அங்குலம் என்பதைத் தினமும் அளக்கிறவர்கள் அவர்கள். "இன்றைக்குப் போகேலாது" என்று அவர்கள் சொன்னால், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

சில இடங்களில் இன்றும் ஏற்றிப்போக வருவது பழைய பனிப் பேருந்து. வட்டக் கண்ணாடி யன்னலும் சங்கிலிப்பட்டைச் சக்கரமுமாக, பார்ப்பதற்கு நீர்மூழ்கி போல இருக்கும். கியூபெக்கைச் சேர்ந்த யோசப் ஆர்மண்ட் பொம்பார்டியர் 1930களில் உருவாக்கிய வண்டி அது. அந்தச் சங்கிலிப்பட்டைக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய சின்ன மகன் நோயுற்றபோது, பனி மூடிய பாதையில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்துபோனது. அதில் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகப்பனின் நினைவுதான் வரும்.

சொந்தமாகத் துளைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'ஓகர்' என்னும் திருகுத் துளைப்பானில் 6 அங்குலமும் உண்டு, 8 அங்குலமும் உண்டு, 10 அங்குலமும் உண்டு. சின்ன மீன்களுக்கு ஆறு போதும். வாவி ட்ரவுட் தடித்த மீன். எட்டுக்குக் குறைந்தால் துளையின் வாயிலே தலை சிக்கி, நூல் அறுந்து, மீன் போய்விடும். இயந்திரத் துளைப்பானுக்குப் பக்கத்தில் தொங்கும் துணி எதுவும் இருக்கக் கூடாது. தலை மறைக்கும் சால்வையை நுனி விட்டுக் கட்டும் பழக்கமுள்ள நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். சுழலும் திருகில் ஒரு முனை மாட்டினால் கழுத்தோடு இழுக்கும். அடுப்பருகிலும் அப்படியே. அன்றைக்கு மட்டும் தைத்து மூடிய, நுனி இல்லாத கம்பளித் தலையுறையே நல்லது.

அதிலிருந்தே உடுப்புக்கு வருவோம். சைபருக்குக் கீழே 15 பாகை என்பது சிம்கோவில் அதிசயமில்லை. அதோடு மணிக்கு 30 கிலோமீற்றர் காற்றும் அடித்தால் தோலுக்கு அது கீழே 26 பாகை போலத் தாக்கும். வாவியின் நடுவிலே காற்றை மறிக்க ஒரு மரம் கிடையாது.

பருத்தித் துணியை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். நமக்கு வெயிலில் சுகம் தரும் பருத்திதான் அங்கே எதிரி. வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடந்து உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மூச்சுக்காற்றில் நனைந்த பருத்திச் சால்வை பத்து நிமிடத்தில் மட்டைபோல விறைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தோலோடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது வியர்வை தங்காத செயற்கை இழை, அதன்மேல் தடித்த மென்கம்பளி, அதற்கும் மேலே காற்றுப் புகாத கோட்டும் காற்சட்டையும் என்று மூன்று அடுக்கு. தூரம் நடப்பதானால் நடக்கும்போது ஒரு அடுக்கைக் கழற்றிக் கையில் கொண்டுபோக வேண்டும். வியர்த்துப்போய் உட்கார்ந்தால் பிறகு எந்தக் கோட்டும் காப்பாற்றாது.

சப்பாத்தில்தான் நான் முதல்முறை ஏமாந்தேன். குளிருமே என்று மூன்று சோடி மேஸ் போட்டு, அளவான சப்பாத்துக்குள் காலைத் திணித்துக்கொண்டு போனேன். அரை மணித்தியாலத்தில் விரல்கள் மரத்துவிட்டன. சூட்டைக் காப்பது துணியல்ல, துணிக்கிடையில் நிற்கும் காற்று. காலை இறுக்கினால் அந்தக் காற்றும் போய்விடும், இரத்த ஓட்டமும் குறைந்துவிடும். ஒரு அளவு பெரிய, உள்ளே கழற்றக்கூடிய கம்பளி உறையுள்ள சப்பாத்து, அதற்குள் ஒரே ஒரு தடித்த கம்பளி மேஸ் போதும். கைக்கும் இதே கதை. ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் பை போன்ற கையுறையே சூடு. முள் கட்டுவதற்கு ஒரு மெல்லிய சோடியும், நனைந்தால் மாற்ற இன்னொரு சோடியும் பையில் இருக்கட்டும்.

கூடாரத்திலோ குடிலிலோ கேஸ் அடுப்பு எரிந்தால் காற்றோட்டத்துக்குத் திறப்பு வைத்தே ஆகவேண்டும். எரியும் இடத்தில் காபனோரொட்சைட்டு சேரலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, நித்திரை மயக்கம் என்று ஆரம்பித்து ஆளை எழும்ப விடாமல் செய்துவிடும். பற்றரியில் வேலை செய்யும் சின்ன எச்சரிக்கைக் கருவி கடைகளில் கிடைக்கிறது. மடக்குக் கதிரைக்கு வைத்திருந்த காசில் அதை வாங்கச் சொன்னேன். உட்கார ஒரு கவிழ்த்த வாளி போதும், வாடகைக் குடிலில் வாங்கு இருக்கும்.

சரி, தூண்டில். அவள் பட்டியலில் இருந்த இரண்டு தடியில் ஒன்றை வெட்டினேன். துளைக்கு நேர்மேலே நின்று பிடிப்பதால் கடற்கரைத் தடி போல நீளம் வேண்டியதில்லை. 36 முதல் 42 அங்குலம் வரை நீளமான, நடுத்தரத்தைவிடக் கொஞ்சம் விறைப்பான தடி ஒன்று. அதிலும் குட்டையானவை, பொம்மைத் தடிபோல வளைபவை எல்லாம் சிறிய மீன்களுக்கானவை. விலை மலிவென்று அதை வாங்கிப்போனால் வாவி ட்ரவுட்டின் கடினமான வாயில் முள் ஏறவே ஏறாது.

நூல் விஷயத்தில்தான் ஆழம் கணக்குக்கு வருகிறது. நம் ஊர்த் தங்கூசி இழுத்தால் நீளும். ஐந்து மீற்றரில் அது பெரிதில்லை. முப்பது மீற்றரில் மீன் கடித்ததை நாம் உணர்ந்து தடியைச் சுண்டும்போது, அந்தச் சுண்டல் முழுவதையும் தங்கூசியே விழுங்கிவிடும், கீழே முள் அசையாது. அதனால் நீளாத பின்னல் நூல், 15 அல்லது 20 இறாத்தல் பாரம் தாங்குவது நல்லது. பின்னல் நூல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியும், சிம்கோத் தண்ணீரோ தெளிவானது. ஆகவே நுனியில் ஒன்றிரண்டு மீற்றருக்கு 10 இறாத்தல் அளவில் புளோரோகாபன் இழையை முடிந்துகொள்ள வேண்டும். பின்னல் நூலுக்கு ஒரு குறையும் உண்டு. தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, வெட்டவெளியில் கம்பிபோல உறைந்துவிடும். சூடான குடிலுக்குள் அந்தப் பிரச்சினை இல்லை. ரீல் நடுத்தர அளவில், சீராக நூல் விடுவதாக இருக்கட்டும். அதன் பிடியைச் சற்றுத் தளர்த்தி வைக்க வேண்டும், பெரிய மீன் முதல் இழுவையிலே நேரே அடிக்குப் பாயும்.

மூன்று பெட்டிப் பொய் இரையைக் கண்டதும்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. வாவி ட்ரவுட்டுக்கு ஒரு கைப்பிடி இரை போதும். வெள்ளை நிறத்தில் மூன்று நான்கு அங்குல ரப்பர்க் குழல் இரை இரண்டு மூன்று, அவற்றுக்குள் செருக அரை அவுன்ஸ் முதல் ஒரு அவுன்ஸ் வரை ஈயத்தலை முள், வெள்ளி நிறத்தில் ஸ்பூன் எனப்படும் தகட்டு இரை இரண்டு. பாரம் ஏன் என்றால், இலேசானது முப்பது மீற்றர் இறங்குவதற்குள் பொறுமை போய்விடும். உயிர் மீனை இரையாகக் கொண்டுபோவதற்கும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவதற்கும் அங்கே சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. புதியவர்கள் அந்தத் தலையிடியைத் தவிர்த்துப் பொய் இரையோடு நிற்பது நல்லது.

மீன் தேடும் சோனார் கருவியைப் பற்றி மகள் என்னோடு கொஞ்சம் வாதாடினாள். அவள் சொன்னதில் உண்மை உண்டு. நான் மேலே சொன்னதுபோல இந்த மீன் ஒரு ஆழத்தில் நிற்காது. கருவியில் நம் இரை ஒரு கோடு, மீன் இன்னொரு கோடு. மீன் இரையை நெருங்கும்போது இரையை வேகமாக மேலே சுற்றினால், தப்பி ஓடும் குஞ்சு மீன் என்று நினைத்துத் துரத்திக்கொண்டு வந்து கடிக்கும். அந்தத் துரத்தலைத் திரையில் பார்ப்பதுதான் இந்த மீன்பிடியின் பாதிச் சுவை. ஆனாலும் முதல் பயணத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் முடிவு. வாடகைக்குக் கிடைத்தால் எடுக்கலாம். இல்லாவிட்டால் இரையை அடிவரை இறக்கி, ஒரு அடி உயர்த்தி, ஆட்டி, நிறுத்தி, பிறகு சில மீற்றருக்கு ஒரு தடவை நிறுத்தி மேலே கொண்டுவந்து, மறுபடியும் இறக்கினால் கருவி காட்டும் வேலையில் பாதி நடந்துவிடும்.

நாங்கள் இருவரும் மறந்திருந்த சில்லறைப் பொருட்கள்: துளையில் மிதக்கும் பனித்துகளை அள்ள ஓட்டை அகப்பை, முள் கழற்ற நீண்ட மூக்குக் குறடு, தலைவிளக்கு, உறைந்தால் செத்துப்போகும் போனை உட்சட்டைப் பையில் வைப்பதற்கு ஒரு உறை, தேத்தண்ணீர்ப் போத்தல். அனுமதிப் பத்திரமும் இதில் சேரும். ஒரு நாளுக்கு மட்டும் எடுக்கக்கூடிய மீன்பிடி அனுமதி உண்டு. எந்தக் காலத்தில் எந்த மீன், ஒருவருக்கு எத்தனை என்பது வாவிக்கு வாவி மாறும். மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விதித்தொகுப்பில் சிம்கோவுக்கென்று தனியாகவே எழுதியிருக்கும், அதைப் போகுமுன் வாசிக்க வேண்டும்.

விதிகள் ஏன் இவ்வளவு இறுக்கம் என்பதற்கு அந்த வாவிக்கே ஒரு கதை உண்டு. சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்தும் நகரங்களிலிருந்தும் பொஸ்பரஸ் கழுவி வந்து சேர, பாசி பெருகி, செத்து அடியில் படிந்து அழுகியபோது ஆழத்துத் தண்ணீரின் ஒட்சிசனெல்லாம் குறைந்துபோனது. முட்டையிலிருந்து வந்த ட்ரவுட் குஞ்சுகள் பிழைக்கவில்லை. 1960களிலிருந்து குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்து வாவியில் விட்டே இந்த மீனை வைத்திருந்தார்கள். 2008இல் சிம்கோ வாவிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்போது வாவியிலேயே பிறந்து வளரும் ட்ரவுட்டும் மறுபடி காணக்கிடைக்கிறது. விடும்போது பண்ணைக் குஞ்சுகளின் செட்டை ஒன்றைச் சிறிதாகக் கத்தரித்து விடுவார்கள். ஆகவே கையில் வந்த மீனின் செட்டைகள் எல்லாம் முழுதாக இருந்தால், அது வாவியின் சொந்தப் பிள்ளையாக இருக்கலாம். இந்த மீன் முட்டையிடும் வயதுக்கு வரவே ஆறேழு வருடமோ அதற்கு மேலோ எடுக்கும்.

அதனால் குறட்டையும் கையுறையையும் பற்றி இன்னும் ஒரு சொல். விடப்போகும் மீனைப் பனிக்கட்டி மேலே கிடத்திப் படம் எடுக்கக் கூடாது. கடுங்குளிரில் அதன் கண்ணும் செவுளும் நொடியில் உறையத் தொடங்கிவிடும். ஈரக்கையால், தண்ணீருக்கு மேலேயே பிடித்து, முள்ளைக் கழற்றித் தலைகீழாகத் துளைக்குள் விட வேண்டும். பெரும்பாலான ஆழத்து மீன்கள் வேகமாக மேலே வந்தால் காற்றுப்பை ஊதிச் செத்துவிடும். வாவி ட்ரவுட் வாய்வழியாகக் காற்றை வெளியேற்றிக்கொள்ளக் கூடியது. மீன் வருமுன்னரே துளைக்குள் குமிழிகள் பொங்கி வரும், அதைக் கண்டால் கிட்டத்தில் வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

சமைக்க வைத்துக்கொள்வதானால் சின்னதை வைத்துக்கொள்ளும்படி சொன்னேன். நீண்டகாலம் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்று பெருத்த ட்ரவுட்டில் பாதரசம் சேர்ந்திருக்கும். எந்த வாவியில், எந்த அளவு மீனை, மாதத்துக்கு எத்தனை தடவை உண்ணலாம் என்று ஒன்ராறியோ அரசு வழிகாட்டி வைத்திருக்கிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதில் எல்லை இன்னும் குறைவாகப் போட்டிருக்கிறார்கள்.

பெப்ரவரி இரண்டாம் கிழமை அவர்கள் போனார்கள். குடில்காரர் அளந்து சொன்ன தடிப்பு 11 அங்குலம் என்று காலையிலேயே தகவல் அனுப்பியிருந்தாள். அதைத் தம்பிக்கு அனுப்பினேன். மாலையில் வந்தது ஒரு படம்: நான்கு பிள்ளைகள், நான்கு கழுத்திலும் செம்மஞ்சள் ஆணிமாலை, நடுவிலே ஒரு வெறும் வாளி. ஒரு மீன் துளைவரை வந்து நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். முடிச்சைச் சரியாகப் போட்டாயா என்று கேட்டேன், பதில் வரவில்லை. அடுத்த கிழமை ஒரு பழைய சோனார் கருவி மலிவுக்கு வருகிறது, எடுக்கட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தாள்.